மூன்று இடங்களில் நாற்பத்து நான்கு நிமிடம்

சென்ற மாதம் வாசகசாலையில் ஒரு படப் பத்திரிகை பார்த்தேன். வெளிநாடுகளில் மலைக்காட்டுப் பாதையில் இறங்குவதற்கென்றே தனியாக சைக்கிள் செய்கிறார்களாம். டயர் தடிமனாக இருக்குமாம், பிரேக் தொட்டவுடன் பிடிக்குமாம். தலையில் கவசம் போட்ட ஒருவர் மரங்களுக்கு நடுவே வேர்களின் மேல் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த பாவம் எனக்குப் பழக்கமானது. 1969ஆம் ஆண்டு மாசி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2.21க்கு என் நண்பரின் முகத்தில் அதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்.

எங்களுடையவை ஊரில் எல்லோரும் வைத்திருந்த கறுப்பு சைக்கிள்கள். இருபத்திரண்டு அங்குலம், கேரியர், ஸ்டாண்டு, மணி. பிரேக்கும் இருந்தது. காரைக்குடியில் அதற்கு வேலை குறைவு. செக்காலையிலிருந்து ரயில் நிலையம் போனாலும் கோவிலூர் போனாலும் பூமி ஏறக்குறைய ஒரே மட்டம். நிற்க வேண்டுமானால் மிதிப்பதை நிறுத்துவோம். அவசரமானால் செருப்பைத் தரையில் தேய்ப்போம்.

நண்பர் தச்சு வேலைக் குடும்பத்தவர். ஒரு கல்லூரிப் பட்டறையில் வார்ப்பு வேலைக்கு மர அச்சு செய்துகொண்டிருந்தார். ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை. அவருக்கு அப்போது இருபத்தேழு வயது, எனக்கு முப்பத்து நான்கு. நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். 1957 முதல் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். அவரிடம் ஒரு புத்தக அலமாரி செய்யச் சொல்லியிருந்தேன். தீபாவளிக்கு என்றார், பிறகு பொங்கலுக்கு என்றார். தை மாதத்துக் கடைசி ஞாயிறு அதை விசாரிக்க அவர் வீட்டுக்குப் போனபோது உள்ளே ஒருவர் பாயில் உட்கார்ந்திருந்தார். நண்பருக்குப் பார்த்திருந்த பெண்ணின் தகப்பனார்.

அவரும் தச்சர்தான். பூர்வீகம் தேவகோட்டைப் பக்கம். இருபது வருடத்துக்கு முன்பு நத்தத்துப் பக்கத்து மலை ஒன்றில், ஒரு தோட்டத்து வீட்டுக்குக் கதவு போடப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். மலையின் பெயரை நான் எழுதவில்லை. மேலே இருந்த ஊரில் முப்பது வீடுகள்தான். மலையைச் சொன்னால் வீட்டையே சொன்னதாகிவிடும். சாதகம் பொருந்திவிட்டது, மற்ற பேச்சுகளும் முடிந்துவிட்டன. அவருக்கு ஒரே ஒரு விஷயம் பாக்கி இருந்தது.

"மூத்த பிள்ளையப் புதுக்கோட்டைப் பக்கம் குடுத்தேன்," என்றார். "நாலு வருசத்துல ரெண்டு தடவை வந்துச்சு. மாப்பிள்ளை நல்லவருதான். வந்து போக ரெண்டு நாள் லீவு வேணுமாம், குடுக்க மாட்டேங்குறாகளாம். அவரச் சொல்லிக் குத்தமில்ல. மலையத்தான் சொல்லணும்."

"அதுக்கு நாங்க என்ன செய்ய? மலையக் கீழ எறக்கவா முடியும்?" என்றார் நண்பரின் தாயார்.

"எறக்க வேணாம்மா. தம்பிக்கு ஞாயித்துக்கிழமைதான லீவு? மொத பஸ்ஸுல ஏறி மலைக்கு வந்துட்டு, அன்னைக்கே கடைசி பஸ்ஸப் பிடிச்சுத் திரும்பிட்டாருன்னா எனக்கு வேற பேச்சில்ல. நெனச்சா வரலாம்னு தெரிஞ்சு போயிரும். பரிசம் போட்டுருவோம்."

"பஸ்ஸப் பிடிக்க முடியலைன்னா?"

"மாசத்துக்கு ஒருக்காவாச்சும் பிள்ளையக் கண்ணுல பாக்குற மாதிரி வேற எடம் பாத்துக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கதவுக்கு அளவு சொல்வது போலச் சொன்னார்.

அந்த இடத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம். திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகப் போகும் முதல் பேருந்து எங்களை இறக்கிவிடும் போது மணி 8.35. அங்கிருந்து மலையடிவாரம் ஒன்பது மைல், வண்டித்தடம். அடிவாரத்திலிருந்து மேலே நாலு மணி நேர ஏற்றம். இறங்க மூன்று மணி நேரம். கடைசிப் பேருந்து அதே இடத்துக்கு 5.40க்கு வரும். நடந்தால் எந்த வகையிலும் முடியாது.

"சைக்கிள்ல வாரேன்," என்றார் நண்பர்.

"மலையிலயா?"

"ஏறும்போது தள்ளிக்கிட்டு வாரேன். எறங்கும்போது ஓட்டிக்கிட்டுப் போறேன்."

பெரியவர் சற்று யோசித்தார். "தனியா எறங்குறது பெருசில்ல. எம்பிள்ளையும்ல கூட எறங்கணும். அவ எடைக்கு ஒரு மூட்டை கட்டித் தருவேன். கேரியர்ல வச்சு எறங்குங்க."

"அவ எடை எப்படித் தெரியும்?" என்று தாயார் கேட்டார்.

"போன மாசம் மிளகு நிறுக்கையில தராசுல ஏத்திப் பாத்தோம். நாப்பத்து மூணு கிலோ."

தாயார் மகனை ஒருமுறை பார்த்தார். "ஒல்லியாவுல்ல இருக்கும் போல."

"தராசு பழசு," என்றார் பெரியவர்.

பேச்சு இவ்வளவு தூரம் வந்தபோது அவர் என் பக்கம் திரும்பினார். நான் பேருந்து நேரங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். "இவுக யாரு? என்ன எழுதுறாக?"

"அவுக அப்படித்தான்," என்றார் தாயார். "காக்கா கத்துனாலும் மணி போட்டு எழுதிருவாக."

"பொய் எழுதுவாகளா?"

"அதுக்கு அவுகளுக்குத் தெரியாது."

"அப்ப அவுகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. நான் மலை மேல இருந்துக்கிட்டு பஸ்ஸப் பாக்க முடியாது. எத்தன மணிக்கு எங்க இருந்தீகன்னு எழுதி அனுப்பட்டும். அதப் பாத்து முடிவு சொல்றேன்."

என் சம்மதத்தை யாரும் கேட்டதாக நாட்குறிப்பில் இல்லை.

முதல் பேருந்து விடியற்காலையில் என்பதால் சனிக்கிழமை மாலையே என் சைக்கிளைக் கொண்டுபோய் நண்பர் வீட்டில் விட்டேன். மறுநாள் காலை இரண்டு சைக்கிள்களும் வாசலில் நின்றபோது என்னுடையது எது என்று உடனே தெரியவில்லை. தாயார் இரண்டையும் கழுவித் துடைத்து, சட்டம், மட்கார்டு, கம்பி, ரிம் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி, ஹேண்டில் பாரில் சந்தனம் வைத்திருந்தார். பெண் பார்க்கப் போகிற வண்டி. நானும் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அதையும் எழுதியிருக்கிறேன், 5.20 என்று.

பேருந்தின் மேலே சைக்கிளை ஏற்றும்போது கண்டக்டர் கேட்டார்: "அங்குட்டு மலைக்கு எதுக்குங்க சைக்கிளு?"

"பொண்ணு பாக்கப் போறோம்," என்றார் நண்பர்.

"ரெண்டு சைக்கிளுக்குமா?"

வண்டித்தடத்தில் ஒன்பது மைலும் சுகமாகப் போயிற்று. வழியில் எங்கும் பிரேக் பிடிக்க நேரவில்லை. 9.45க்கு அடிவாரம்.

பாதை குதிரைகளுக்கானது. மலையிலிருந்து வாழையும் எலுமிச்சையும் குதிரை முதுகில்தான் இறங்கும். இரண்டு பக்கமும் காடு. சருகு கணுக்கால் வரை கிடந்தது, அதற்குள் வேர், வேருக்கு நடுவில் கல். ஒரு ஆளும் ஒரு சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் போக அகலம் போதாது. ஆள் புதருக்குள்ளும் சைக்கிள் பாதையிலுமாகப் போனோம். வழியில் காட்டெருமைச் சாணம் இரண்டு இடத்தில் கிடந்தது, இரண்டாவது புதியது. அந்த இடத்தில் வேகம் கொஞ்சம் கூடியது.

பாதி வழியில் எதிரே வந்த குதிரைக்காரர் ஒருவர் நின்றார்.

"வண்டி கெட்டுப் போச்சா?"

"இல்லைங்க."

"பின்ன ஏன் தள்ளுறீக?"

"மேல போகணும்."

"மேல போயி?"

"திரும்பக் கீழ வரணும்," என்றார் நண்பர்.

குதிரைக்காரர் எங்களுக்கு வழிவிட்டு, குதிரையையும் ஓரமாகப் பிடித்துக்கொண்டார்.

1.40க்கு வீட்டை அடைந்தோம். அங்கே ஒரு சங்கடம். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்கக் கூடாது. எனவே நண்பர் முற்றத்துப் பலா மரத்தடியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டார். நான் மாப்பிள்ளை வீட்டார் இல்லை, எழுத வந்தவன். ஆகையால் எனக்கு உள்ளே இலை போட்டார்கள். சாம்பார், பலாக்காய்க் கூட்டு, வாழைப்பூ வடை, ரசம், தயிர். ஜன்னல் வழியாக நண்பர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேகமாகச் சாப்பிட்டேன். இருந்தும் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது.

பெண் எனக்கு மோர் ஊற்றினாள். ஒல்லிதான். தராசின் மேல் பிழை இல்லை.

வெளியே பெரியவர் மூட்டையை நிறுத்தார். அடியில் வாழைக்காய், மேலே எலுமிச்சை. முள் நேராக நின்றது. உள்ளேயிருந்து பெண்ணின் குரல் கேட்டது: "அம்மா, கட்டியிருக்க சேலைக்கும் சேத்து வைக்கச் சொல்லு."

"நீ சும்மா இரு," என்றார் அவள் தாயார். பெரியவர் இன்னும் நாலு எலுமிச்சையைப் போட்டார்.

2.20க்குக் கிளம்பினோம். வீட்டு முற்றத்திலிருந்து பாதை அறுபது கஜம் நேராகச் சரிந்து, பிறகு இடது பக்கம் திரும்புகிறது. நண்பர் முன்னால் போனார். திருப்பத்துக்கு முன்பு இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தார். சைக்கிள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். தொடக்கத்தில் சொன்ன முகம் அதுதான். செருப்பைத் தரையில் தேய்த்தார். செருப்பு அங்கேயே நின்றுவிட்டது, அவர் போய்விட்டார். திருப்பத்தில் திரும்பாமல் நேராக உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்து, ஹேண்டில் பாரும் மூட்டையும் மட்டும் வெளியே தெரிய நின்றார்.

நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். என் பிரேக்கும் அப்படியே. ஆனால் என்னிடம் மூட்டை இல்லை, முன்னால் நடந்ததைப் பார்த்துவிட்டேன். சைக்கிளை விட்டுவிட்டு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் எல்லோரும் முற்றத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் இறங்கி வந்தார், பின்னாலேயே பெண்ணும். அவள் நண்பரைப் பார்க்கவில்லை, சைக்கிள் சக்கரத்தைப் பார்த்தாள்.

"ஏப்பா, ரிம்மு பூரா எண்ணெயா மினுங்குது. இதுல எப்படி பிரேக்குப் பிடிக்கும்?" என்றாள்.

பெரியவர் ரிம்மை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "தேங்கா எண்ணெய்," என்றார். "யாரு தடவுனது?"

"எங்கம்மா," என்றார் நண்பர் புதருக்குள்ளிருந்து.

பெண் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு கொட்டாங்கச்சி நிறைய அடுப்புச் சாம்பலும் பழந்துணியும் கொண்டு வந்தாள். நாலு ரிம்மையும் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். பிரேக் கட்டைகளையும் தேய்த்தோம். ஓரளவு பிடித்தது. பெரியவர் அதற்குள் ஒரு கிளையை வெட்டி, இலையோடு, நண்பரின் கேரியருக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். மலையில் மரம் இறக்குபவர்கள் வேகத்தைக் குறைக்க அப்படித்தான் கட்டுவார்களாம்.

"கிளைக்கும் எடை உண்டுல்ல," என்றார் நண்பர்.

"சாகச் சொல்லல தம்பி. திரும்பத்தான் சொன்னேன்," என்றார் பெரியவர்.

மறுபடி கிளம்பியது 2.36. பதினைந்து நிமிடம் போயிருந்தது.

அதற்குப் பிறகு இறக்கம் நினைத்ததைவிட நன்றாகவே போயிற்று. கிளை சருகைக் கூட்டிக்கொண்டே வந்தது. பின்னால் போன எனக்குப் பாதை சுத்தமாக இருந்தது, தூசிதான் அதிகம். கட்டைவிரல் அளவு வேரெல்லாம் முதுகெலும்பில் வந்து சேர்ந்தன. என் சைக்கிள் மணி யாரும் தொடாமல் வழியெல்லாம் அடித்துக்கொண்டு வந்தது. ஒரு குரங்குக் கூட்டம் கொஞ்ச தூரம் கூடவே வந்து, பிறகு வேலை இருப்பது போல் நின்றுவிட்டது.

மூன்று இடங்களில் மட்டும் முடியவில்லை. முதலாவது ஒரு சாய்ந்த பாறை, வழவழப்பானது, அதன் மேல் மெல்லிசாக ஊற்றுத் தண்ணீர். மூட்டையை இறக்கித் தனியாகத் தூக்கி, சைக்கிளைத் தனியாகத் தூக்கி, பதினான்கு நிமிடம். இரண்டாவது, மழைத் தண்ணீர் பாதையின் குறுக்கே அறுத்த பள்ளம், இடுப்பளவு ஆழம். அங்கே மூட்டையின் வாய் அவிழ்ந்து எலுமிச்சை பள்ளத்தின் வழியே உருண்டது. பொறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறப் பத்தொன்பது நிமிடம். மூன்றாவது, இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவில் ஒரு திருப்பம். ஹேண்டில் பார் நுழையாது. சைக்கிளைச் சாய்த்துப் பிடித்து, முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, இரண்டு ஆளாக நுழைக்கப் பதினோரு நிமிடம்.

4.52க்கு அடிவாரம். கிளையை அவிழ்த்துப் போட்டுவிட்டு வண்டித்தடத்தில் மிதித்தோம். நண்பர் ஒன்பது மைலும் தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை. ரோட்டை அடைந்தபோது 6.02. டீக்கடைக்காரர் பெஞ்சியை உள்ளே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு?" என்றார் நண்பர்.

"அது போயி இருபது நிமிசம் இருக்கும்ங்க."

நண்பர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். மூட்டையோடு அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தார். நான் எழுதி முடிக்கும் வரை பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, மணி என்ன போட்டீக?"

"ஆறு ரெண்டு."

"உங்க கடியாரம் தெனம் நாலு நிமிசம் வேகமா ஓடும்னு நீங்கதான சொல்லியிருக்கீக."

"அதைக் கழிச்சுத்தான் ஆறு ரெண்டு."

"அஞ்சு முப்பத்தஞ்சுன்னு போட்டா யாருக்குண்ணே தெரியப் போகுது? மலை மேல இருக்குறவருக்கா?"

"வீட்டுக்கு நாளைக்குத்தான போவோம்."

"அதையும் இன்னைக்குன்னு போடுங்க." பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்காக இல்லண்ணே. அந்தப் பிள்ளை ஓடிப் போயி சாம்பல் கொண்டாந்துச்சே, பாத்தீகல்ல. தோக்கணும்னு நெனச்சிருந்தா அப்படிக் கொண்டாந்திருக்குமா?"

என்னிடம் இருந்தது 6.02 மட்டும்தான். ஒரு வைக்கோல் லாரி எங்களைச் சிங்கம்புணரி வரை ஏற்றிக்கொண்டது. மறுநாள் காலைப் பேருந்தில் ஊர் வந்து சேர்ந்தோம்.

செவ்வாய்க்கிழமை குறிப்பைச் சுத்தமாகப் பிரதி எடுத்துத் தபாலில் சேர்க்க இருந்தேன். அதற்கு முன்பு நண்பரின் தாயார் என் வீட்டுக்கு வந்தார்.

"ரெண்டு நிமிசம்னாப் போகுதுன்னு விடலாம். இருபத்திரண்டாமே. உங்க பேனாவுல மை தீந்து போயிருக்கக் கூடாதா?"

எண்ணெய் விஷயத்தை அவருக்குச் சொன்னேன்.

"பொண்ணு பாக்கப் போற வண்டி பளபளன்னு இருக்க வேணாமா?" என்றவர், சற்றுப் பொறுத்து, "அப்ப எம்மேலதான் பழியா?" என்றார்.

எண்ணெய் இல்லாவிட்டாலும் ஏழு நிமிடம் தாமதமாகத்தான் வந்திருப்போம் என்று கணக்கைக் காட்டினேன். அவர் முகம் தெளிந்தது.

"ஆனா பதினஞ்சு நிமிசத்துக்கு உங்க பொறுப்பு உண்டு," என்று சொன்னேன். அவர் காப்பியை முழுதாகக் குடிக்காமல் போய்விட்டார்.

பிரதியில் எல்லாவற்றையும் எழுதினேன். 2.21, சாம்பல், கிளை, மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம், ஏன். பள்ளத்தில் ஆறு எலுமிச்சை காணாமல் போனது. 6.02. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நண்பர் என்னிடம் பதினாறு நாள் பேசவில்லை. அலமாரி வேலையும் நின்றது.

பதினேழாம் நாள் அவரே வந்தார். கையில் ஒரு கார்டு. மலையிலிருந்து வந்தது. என் பெயருக்குத்தான் எழுதியிருந்தது. ஆனால் அவர் விலாசத்துக்கு வந்துவிட்டது. சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆறு எலுமிச்சையைப் பள்ளத்தில் தேடியதாகவும் நாலு கிடைத்ததாகவும் பெரியவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே கேள்விகள். ஹேண்டில் பார் முனைக்கு முனை எத்தனை அங்குலம்? முன் சக்கரத்து அச்சுக்கும் பின் சக்கரத்து அச்சுக்கும் இடைவெளி எவ்வளவு? மிதிகட்டை கீழே இருக்கும்போது தரைக்கும் அதற்கும் எத்தனை அங்குலம்?

"என்னண்ணே இது? வேண்டாம்னா வேண்டாம்னு எழுதலாம்ல," என்றார் நண்பர்.

"வேணாம்னு எழுதலையே."

"வேணும்னும் எழுதலையே."

அவர் தச்சர். அளவு கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது. என் வீட்டு வாசலிலேயே சைக்கிளை நிறுத்தி அளந்தார், நான் எழுதினேன். ஹேண்டில் பார் இருபத்தொன்றரை அங்குலம். மூன்று வாரம் கழித்து இரண்டாவது கார்டு வந்தது. இரண்டே வரி. பங்குனி கடைசி ஞாயிறு வரவும். எண்ணெய் வேண்டாம் என்று தாயாரிடம் சொல்லவும்.

அந்த ஞாயிறும் அதே பேருந்து, அதே கண்டக்டர். "இன்னும் முடியலையா?" என்று கேட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும்போது முதலில் வந்தது பாறைகளுக்கு நடுவிலான திருப்பம். இரண்டு பாறைகளில் ஒன்றின் தோள் உளியால் செதுக்கப்பட்டிருந்தது. உடைந்த இடம் புதுக் கல்லாக வெளுப்பாக இருந்தது. நண்பர் இடைவெளியை அளந்தார்.

"இருபத்தஞ்சரை," என்றார். "நாலு அங்குலம் கூட விட்டிருக்காரு. கை இடிக்காம இருக்க."

அடுத்தது பள்ளம். அதன் குறுக்கே இரண்டு கனமான பலகைகளைச் சேர்த்துப் போட்டு, சக்கரம் வழுக்காமல் இருக்கக் குறுக்குச் சட்டம் அடித்திருந்தது. நண்பர் குனிந்து பார்த்தார். பலகை இல்லை. ஏதோ ஒரு தோட்டத்து வீட்டில் கழற்றிப் போட்ட கதவு நிலை. தாழ்ப்பாள் விழும் துளை அப்படியே இருந்தது. ஒரு ஓரத்தில் பழைய மஞ்சளும் குங்குமமும்கூடத் தெரிந்தது. கடைசியாக வழுக்குப் பாறை. அதை அம்மி கொத்துவது போல முழுக்கக் கொத்திவிட்டிருந்தார். ஊற்றுத் தண்ணீரை ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பியிருந்தார்.

நண்பர் பாறையின் மேல் ஏறி நின்றார். "எங்கம்மா அன்னைக்குச் சொன்னாகளே," என்றார். "மலையக் கீழ எறக்க முடியுமான்னு."

நான் மணியை எழுதினேன். 12.50.

மேலே பெரியவர் பாதையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வந்தவுடன் இரண்டு சைக்கிளின் ரிம்மையும் விரலால் தொட்டு மோந்து பார்த்து, உள்ளே பார்த்து, "எண்ணெய் இல்ல," என்றார்.

"பாதையைச் சரி பண்ணிட்டீக போல," என்றேன்.

"குதிரைக்கும் நல்லதுதான," என்றார்.

நிபந்தனையில் எதுவும் தளரவில்லை. அதே மூட்டை. அதே எடை. சேலைக்கு நாலு எலுமிச்சை. நண்பர் பலா மரத்தடியில் புளிச்சோறு சாப்பிட்டார். எனக்கு இந்த முறை பாயசமும் இருந்தது. அதனால் ஐந்து நிமிடம் தாமதமாக 2.25க்குக் கிளம்பினோம். முதல் திருப்பத்தில் பிரேக் பிடித்தது. உண்ணிச்செடியில் போன முறை ஏற்பட்ட ஓட்டை இன்னும் மூடவில்லை. மூன்று இடங்களிலும் சேர்த்து ஆறு நிமிடம். 3.56க்கு அடிவாரம், 5.06க்கு ரோடு. பேருந்துக்கு இன்னும் முப்பத்து நான்கு நிமிடம் இருந்தது. நண்பர் டீக்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்து நாலு வடை சாப்பிட்டார்.

அன்று பேருந்து நாற்பது நிமிடம் தாமதமாக, 6.20க்கு வந்தது. அதாவது முதல் முறை போல 6.02க்கு வந்திருந்தாலும் பிடித்திருக்கலாம். இதை நண்பரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் பிரதியில் அதையும் எழுதினேன். பெரியவர் பதில் கார்டில் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பரிசம் போட நாள் பார்த்திருப்பதாக எழுதியிருந்தார்.

ஆவணியில் கல்யாணம். அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு இருவரும் மலைக்குப் போய் வந்தார்கள். மழைக்காலத்தில் மட்டும் தவறும். மறுநாள் நண்பர் எனக்கு நேரங்களைச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். 1976இல் மலைக்கு மோட்டார் ரோடு வரும் வரை இது நடந்தது. எல்லாப் பயணங்களும் என்னிடம் இருக்கின்றன.

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் போன முதல் பயணத்தின் குறிப்பைப் பார்க்கிறேன். இறக்கத்துக்கு மூட்டையோடு ஆனதைவிடப் பதினான்கு நிமிடம் கூடுதல். எடை ஒன்றுதான், பாதையும் ஒன்றுதான். அன்றே காரணம் கேட்டேன்.

"எங்க மாமா முத்தத்துல நிறுத்தி ரிம்மத் தொட்டுப் பாக்குறாரு, அது ஒரு நிமிசம்," என்றார் நண்பர். "இவ கொத்துன பாறையில எறங்கி, எங்கப்பா கொத்துனதுன்னு ஒரு தடவை பாக்குறா. அப்பறம் அந்தப் பள்ளத்துல நிலை கெடக்குல்ல, அதுல வண்டியோட ஏறக் கூடாதாம். எறங்கி, வலது கால எடுத்து வச்சுத்தான் தாண்டுவாளாம். நான் அங்குட்டுப் போயி வண்டியப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்."

"மூட்டை இதெல்லாம் செய்யலையே," என்றேன்.

"மூட்டை எறங்கவே இல்லையேண்ணே," என்றார்.

பாறை நாலு நிமிடம், நிலை மூன்று நிமிடம் என்று எழுதிக்கொண்டேன். ரிம் ஒரு நிமிடம். மீதி ஆறு நிமிடத்துக்கு அவர் கணக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.